மனநல ஆலோசனையும் உங்கள் தனிப்பட்ட தகவல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரையில் தனியாக மனநல ஆலோசனை அறை நடத்திவருகிறேன். முதல் முறை தொலைபேசியில் அழைப்பவர்கள் கட்டணத்தையும் நேரத்தையும் கேட்டுவிட்டு, சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "நான் சொல்றது வெளிய போகாதுங்களே?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. வருவதற்கு முன்பே நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் சொல்வதெல்லாம் ரகசியமாகவே இருக்குமா?

ஏறக்குறைய எல்லாம். "எதுவானாலும் வெளியே போகாது" என்று வாக்குக் கொடுக்க எந்த ஆலோசகருக்கும் உரிமை இல்லை; கொடுத்தால் அது நிறைவேற்ற முடியாத வாக்கு. ஓர் உயிர் போகும் ஆபத்து உடனடியாக இருக்கும்போதும், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவரும்போதும், நீதிமன்றம் ஆணையிடும்போதும் நான் வாய் திறக்க நேரலாம். இவற்றையும், கீழே சொல்லும் மிக அரிதான ஓரிரு சூழல்களையும் தவிர, நீங்கள் என்னிடம் வருகிறீர்கள் என்ற செய்தி உட்பட எதுவும் உங்கள் அனுமதியின்றி அறையைத் தாண்டாது.

இந்த எல்லைகளை முதல் சந்திப்பின் முதல் பதினைந்து நிமிடங்களில், நீங்கள் உங்கள் கதையைத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்ட பிறகு ஒருவரிடம் "இதை மட்டும் நான் சொல்லியாக வேண்டும்" என்பது நம்பிக்கைத் துரோகம். முன்பே தெரிந்திருந்தால் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்ற முடிவு உங்கள் கையில் இருக்கும்.

இது உங்கள் நல்லெண்ணம் மட்டும்தானா, சட்டமும் உண்டா?

சட்டமும் உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் தகவல்களை அவருக்குப் பராமரிப்பு அளிக்கும் மருத்துவத் துறையினர் அனைவரும் ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. என்னிடம் வருபவர்களில் பலருக்கு மனநோய் என்று எதுவும் இல்லை. துக்கம், திருமணச் சிக்கல், வேலை நெருக்கடி ஆகியவற்றோடுதான் வருகிறார்கள். அந்தப் பிரிவு அவர்களைச் சொல்லளவில் உள்ளடக்காவிட்டாலும், எல்லாருக்கும் அதே அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

கணினியிலும் கைபேசியிலும் இருக்கும் தகவல்களுக்கு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பொருந்தும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அறிவிப்பிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும்படி காலம் வகுக்கப்பட்டிருக்கிறது. எந்தத் தகவல், எதற்காக என்று எளிய மொழியில் அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்றும், கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெற முடிய வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அறிவிப்பைத் தமிழிலேயே கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. என் படிவம் முதலிலிருந்தே தமிழில்தான் இருக்கிறது.

என்னென்ன விவரங்கள் கேட்பீர்கள்?

பெயர், வயது, தொலைபேசி எண், தற்போது சாப்பிடும் மாத்திரைகள், நெருக்கடியில் அழைக்க வேண்டிய ஒருவரின் எண். அந்த ஒருவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அவர் கணவராகவோ பெற்றோராகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆதார் எண், சாதி, புகைப்படம் எதுவும் வேண்டாம். காணொளி வழியாகப் பேசும் நாள்களில் மட்டும், அன்று எந்த ஊரில், எந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்று தொடக்கத்தில் கேட்பேன். பேசிக்கொண்டிருக்கும்போது ஆபத்து நேர்ந்தால் உதவியை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் திகைக்கக் கூடாது.

பேசும்போது ஏதோ எழுதுகிறீர்களே, அதில் என்ன இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவரைவிட, கேட்காமல் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பவர்தான் அதிகம். சந்திப்பின் நடுவே நான் எழுதுவது நாலைந்து சொற்கள்தான்: ஒரு தேதி, ஒரு மருந்தின் பெயர், அடுத்த முறை மறக்காமல் கேட்க வேண்டிய ஒன்று. சந்திப்பு முடிந்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, எதைப் பற்றிப் பேசினோம், உங்கள் பாதுகாப்பு குறித்து நான் என்ன மதிப்பிட்டேன், அடுத்து என்ன செய்ய ஒப்புக்கொண்டோம் என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுகிறேன்.

எழுதாமல் விடுவதும் இந்தத் தொழிலின் ஒரு திறமைதான். உங்கள் நாத்தனாரின் திருமணம் ஏன் முறிந்தது, உங்கள் அதிகாரி யாரோடு பழகுகிறார் என்பதெல்லாம் கதையின் ஓட்டத்தில் வரும். அந்த மனிதர்கள் என்னிடம் வந்தவர்கள் அல்லர், என் தாளில் இடம்பெற ஒப்புதல் தந்தவர்களும் அல்லர். "உறவினர் ஒருவருடன் மனத்தாங்கல்" என்று எழுதினால் எனக்கு நினைவு வந்துவிடும். இந்தத் தாள் நாளை நீதிமன்றத்தில் உரக்கப் படிக்கப்பட்டால் இவர் எப்படி உணர்வார் என்று கேட்டுப் பார்த்துவிட்டே ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன்.

அந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன?

கோப்பின் மேல் உங்கள் பெயர் இருக்காது. ஓர் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறொரு பூட்டிய பெட்டியில் இருக்கிறது. இரண்டு சாவியும் என்னிடம் மட்டுமே. வரவேற்பறையில் இருக்கும் உதவியாளருக்கு உங்கள் பெயரும் நேரமும் தெரியும், காரணம் தெரியாது. வேலையில் சேரும்போதே ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஒரு சிறு விஷயத்தையும் சொல்கிறேன். தொடக்க காலத்தில் ஒரே அட்டையில் கோத்த தாள்களில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது, புதிய வெள்ளைத் தாளில் முந்தைய நபரின் மருந்துப் பெயரும் ஒரு வாக்கியமும் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தன. எதிரே உட்கார்ந்திருந்தவர் பார்த்தாரா என்பது இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து ஒருவருக்கு ஒரு தனித்தாள், அடியில் கண்ணாடிப் பலகை.

கைபேசி, வாட்ஸாப், பணம் செலுத்துவது ஆகியவை பாதுகாப்பானவையா?

ரகசியம் பெரும்பாலும் கசிவது இங்கேதான். திருடனோ கணினி ஊடுருவலோ தேவையில்லை. ஒரே வீட்டில் நான்கு பேர் எடுத்துப் பார்க்கும் ஒரு கைபேசி போதும். என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், "நாளை மாலை 5 மணிக்கு உங்கள் கவுன்சலிங்" என்று ஒரு பெண்மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். அந்தக் கைபேசி அன்று அவருடைய மாமியார் கையில் இருந்தது. அதன் பிறகு அவர் வரவில்லை. அவருக்கு வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பாரம் என்னோடு இருக்கிறது.

அதனால் இப்போது முதல் நாளே கேட்டுவிடுகிறேன்: இந்தக் கைபேசியை வேறு யார் எடுப்பார்கள்? அழைக்கலாமா, எந்த நேரத்தில் அழைக்கலாம்? வேறு யாராவது எடுத்தால் நான் என்ன சொல்ல வேண்டும்? நினைவூட்டல் செய்தியில் "நாளை 5 மணி" என்பது மட்டுமே இருக்கும். என் கைபேசியில் உங்கள் எண்ணைப் பெயரோடும் பிரச்சினையோடும் சேர்த்துச் சேமிப்பதில்லை. தொடர்புப் பட்டியலைப் படிக்க அனுமதி கேட்கும் செயலிகள் ஏராளம். அங்கே ஒருவர் பெயரோடு ஒட்டிய சொல் எங்கே போய் நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. அலுவல் கைபேசியில் அத்தகைய செயலிகளை வைத்துக்கொள்வதும் இல்லை.

வாட்ஸாப்பில் நேரம் மாற்றுவது மட்டும் போதும். மனதிலுள்ளதை அங்கே நீளமாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வழியில் அது பூட்டப்பட்டே வந்தாலும், இரண்டு முனைகளிலும் அது திறந்து கிடக்கிறது. யுபிஐ வழியாகப் பணம் அனுப்பினால் பெறுபவர் பெயர் உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையில் வரும். அந்த அறிக்கையை வீட்டில் வேறு யாரேனும் பார்ப்பார்கள் என்றால் ரொக்கமாகத் தரலாம். குறிப்புப் பகுதியில் எதையும் எழுத வேண்டாம். ரசீதில் எண்ணும் தொகையும்தான் இருக்கும். என் கணக்கரும் அவற்றை மட்டுமே பார்க்கிறார்.

உங்கள் குறிப்புகளையோ குரலையோ செயற்கை நுண்ணறிவுச் செயலி எதிலும் நான் ஏற்றுவதில்லை.

என் அம்மாவோ கணவரோ தொலைபேசியில் கேட்டால்?

"அவ என்ன சொன்னா? நான் பெத்தவ, எனக்குத் தெரியக்கூடாதா?" என்று கேட்கும் தாயின் தவிப்பு உண்மையானது. கட்டணத்தை அவரே கட்டியிருக்கலாம், ஆட்டோ பிடித்து அழைத்து வந்தவரும் அவராக இருக்கலாம். ஆனாலும் வந்தவர் பதினெட்டு வயது நிரம்பியவர் என்றால் என் பதில் ஒன்றுதான்: "அம்மா, நீங்கள் சொல்ல விரும்புவதை நான் கேட்டுக்கொள்கிறேன்; நான் எதையும் சொல்ல இயலாது." அவர் என்னிடம் பேசினார் என்பதை உங்களிடம் மறைக்கவும் மாட்டேன் என்று அவரிடமே சொல்லிவிடுவேன்.

வரன் விசாரிப்பதாகச் சொல்லி யாராவது கேட்டால்?

கேட்கிறார்கள். "பொண்ணு உங்ககிட்ட வந்ததா கேள்விப்பட்டோம், ஒண்ணும் பெரிசா இல்லையே சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். வந்தார் என்று சொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் புரியும். "அப்படி யாரும் வரவில்லை" என்றும் சொல்லக் கூடாது என்பதுதான் எளிதில் புரியாது. வராதவர்களைப் பற்றிக் கேட்கும்போது "இல்லை" என்று சொல்லிப் பழகிவிட்டால், வந்தவரைப் பற்றிக் கேட்டு நான் மௌனமாக இருக்கும் நாளில் அந்த மௌனமே "ஆம்" ஆகிவிடும். ஆகவே யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே வாக்கியம்: "வந்தவர், வராதவர் யாரைப் பற்றியும் நான் பேசுவதில்லை."

இணையத்தில் என்னைப் பற்றி யாராவது நல்லபடி மதிப்புரை எழுதினாலும் நான் நன்றி சொல்லிப் பதிலளிப்பதில்லை. அந்த நன்றியே அவர் இங்கு வந்தவர் என்பதை ஊருக்கு உறுதிசெய்துவிடும்.

என் மகளுக்குப் பதினாறு வயது. அவள் பேசியதை எனக்குச் சொல்வீர்களா?

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு ஆலோசனை தொடங்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஆனால் ஒப்புதல் தருவதும் ஒவ்வொரு சொல்லையும் அறிவதும் வேறு வேறு. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து, எவை பெற்றோருக்குச் சொல்லப்படும் என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்கிறோம்: அவள் பாதுகாப்பு தொடர்பானவை கட்டாயம் சொல்லப்படும், தோழியோடு சண்டை, மதிப்பெண் பயம், யாரைப் பிடிக்கிறது என்பவை அவளுடையவை. சொல்ல வேண்டியது வந்தாலும், முதலில் அவளே சொல்லும்படி உதவி, உடன் அமர்ந்திருப்பேன்.

போக்சோ சட்டத்தில் உங்கள் கடமை என்ன?

மிகக் கனமான பகுதி இது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவில், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் யாராக இருந்தாலும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆலோசகருக்கு விலக்கு இல்லை.

பதினாறு, பதினேழு வயதில் விருப்பத்தோடு காதலித்து உறவு கொண்டவர்களையும் இந்தச் சட்டம் குற்ற வரையறைக்குள்தான் வைக்கிறது. 2022 செப்டம்பரில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் அடையாளத்தை, அவளும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கான தகவலில் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சலுகை அளித்தது. அது மருத்துவருக்கான சலுகை. என் அறைக்கு அது நீளவில்லை. இந்தக் கட்டாயத்தால் பேச வேண்டிய பிள்ளைகள் பேசாமல் போகிறார்கள் என்று நான் வருந்துகிறேன். ஆனாலும் சட்டம் இருக்கும்வரை அதை மீற மாட்டேன். மீறுவதுபோல் நம்பவைத்து ஒரு பிள்ளையைப் பேசவைக்கவும் மாட்டேன். தெரிவிக்க வேண்டியிருந்தால் அவளுக்குச் சொல்லிவிட்டே செய்வேன். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அவள் கையில் எழுதிக் கொடுப்பேன்.

தற்கொலை எண்ணம் வருகிறது என்று சொன்னால் உடனே வீட்டுக்குச் சொல்லிவிடுவீர்களா?

மாட்டேன். "செத்துப் போயிடலாம்னு தோணுது" என்பது பலர் சொல்லும் வார்த்தை. அதைச் சொல்ல ஓர் இடம் இருப்பதே பலருக்கு அந்த எண்ணத்தைத் தணிக்கிறது. எண்ணம் மட்டுமா, வழியும் யோசித்தாயிற்றா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, இன்றிரவு உடன் யார் இருக்கிறார்கள் என்று நேரடியாகக் கேட்பேன். ஆபத்து உடனடியானது என்று தெரிந்தால் மட்டும், உங்களிடம் சொல்லிவிட்டு, நீங்கள் படிவத்தில் எழுதிய அந்த ஒருவரை அழைப்பேன். அவரிடமும் "இன்றிரவு தனியாக விட வேண்டாம், வீட்டிலுள்ள மருந்துகளை எடுத்து வையுங்கள்" என்பதற்கு மேல் போகாது; ஏன் இந்த நிலை என்ற கதை உங்களுடையது. ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே தகவல் தரலாம் என்று மனநலப் பராமரிப்புச் சட்டமும் வரையறுக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே அதன் 115-ஆம் பிரிவு கருதுவதால், போலீஸ் பயத்தில் மறைக்க வேண்டாம். நான் தொடர்பில் இல்லாத நேரங்களில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

கணவன் மனைவி இருவரும் வருகிறோம். ஒருவர் தனியாகச் சொன்னதை மற்றவருக்குச் சொல்வீர்களா?

சேர்ந்து வருபவர்களிடம், ஒருவருக்கான ரகசியப் பெட்டியாக நான் இருக்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். இருவரையும் பாதிக்கும் ஒன்றை ஒருவர் தனியாகச் சொன்னால், அதை அவரே சேர்ந்த சந்திப்பில் சொல்வதற்கு உதவுவேன்; சொல்ல விருப்பம் இல்லையென்றால், காரணம் கூறாமல் தம்பதி ஆலோசனையை நிறுத்திவிட்டு வேறொருவரிடம் அனுப்புவேன். வன்முறைக்கு அஞ்சும் மனைவி தனியாகச் சொல்வது இதில் சேராது. அது அவர் கணவருக்கு ஒருபோதும் போகாது.

கைபேசியில் பதிவு செய்யக் கூடாது என்பதை இருவரிடமும் எழுதி வாங்குகிறேன். மனைவிக்குத் தெரியாமல் கணவன் பதிவு செய்த உரையாடலையும் மணவிலக்கு வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே எழுதி வாங்கிய தாள் ஓரளவுக்குத்தான் காக்கும். இருவரின் கைபேசியும் வெளியே மேசையில் இருப்பது அதைவிட நன்றாகக் காக்கும்.

நீதிமன்றமோ காவல்துறையோ கேட்டால்?

வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசியதற்குப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவில் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆலோசகரிடம் பேசியதற்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லை. பலர் இதை அறியாமல் வருகிறார்கள். அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன். தொலைபேசியிலோ நேரில் வந்தோ வாய்மொழியாகக் கேட்கும் அதிகாரிக்கு எதுவும் கிடைக்காது. எழுத்துமூலமான உத்தரவு வேண்டும். அது வந்தால் முதலில் உங்களுக்குத் தெரிவிப்பேன், வழக்கறிஞரைக் கலந்து, கேட்கப்பட்டதற்கு மேல் ஒரு தாள்கூடப் போகாதபடி பார்த்துக்கொள்வேன். மூடிய உறையில் ஒப்படைக்க அனுமதி கேட்பேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அனுப்பும் கடிதம் உத்தரவு ஆகாது.

எச்.ஐ.வி. இருப்பதை மறைக்கும் துணைவரைப் பற்றித் தெரிந்தால்?

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டும், துணைவரிடம் சொல்லும் வாய்ப்பை மிகக் குறுகலாகத் திறக்கிறது: தொற்று ஆபத்து கணிசமாக இருக்க வேண்டும், அவரே சொல்லும்படி ஆலோசனை கூறியிருக்க வேண்டும், அவர் சொல்லப்போவதில்லை என்பது உறுதியாக வேண்டும், நான் சொல்லப்போவதை அவருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். சொல்வதால் ஒரு பெண் அடிபடுவார், கைவிடப்படுவார் என்ற அச்சத்துக்கு இடம் இருந்தால் அவருடைய துணைவரிடம் சொல்லவே கூடாது.

அலுவலகம் பணம் கட்டினால் அவர்களுக்கு அறிக்கை போகுமா?

எத்தனை சந்திப்புகள் என்ற எண்ணிக்கை மட்டும் போகும், பெயரில்லாமல். அதற்கு மேல் கேட்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்வதில்லை.

என்னைப் பற்றி வேறு ஆலோசகரிடம் பேசுவீர்களா?

பேசுவேன், பேசாமல் தனியாக முடிவெடுக்கும் ஆலோசகரை நான் நம்ப மாட்டேன். மூத்தவர் ஒருவரிடம் மாதம் இருமுறை என் வேலையைக் காட்டித் திருத்திக்கொள்கிறேன். ஊர், தொழில், குடும்ப அமைப்பு எல்லாம் மாற்றியே சொல்வேன். மதுரை பெரிய ஊராகத் தெரிந்தாலும், "மேலமாசி வீதியில் நகைக்கடை வைத்திருப்பவரின் இரண்டாவது மருமகள்" என்றால் பெயரே தேவையில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்ப நேர்ந்தால், கடிதத்தை உங்கள் முன்னாலேயே எழுதி, படித்துக் காட்டி, உங்கள் கையிலேயே கொடுக்கிறேன்.

வெளியில் சந்தித்தால்?

மீனாட்சியம்மன் கோயிலிலோ கல்யாண மண்டபத்திலோ எதிர்ப்பட்டால் நான் முதலில் சிரிக்க மாட்டேன். தலைக்கனம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வணக்கம் சொன்னால் நானும் சொல்வேன்; உடன் இருப்பவரிடம் என்னை யார் என்று அறிமுகம் செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம்.

தகவல் கசிந்துவிட்டால்?

தெரிந்த அன்றே உங்களுக்குச் சொல்வேன்: எது போனது, எப்படிப் போனது, என்ன செய்திருக்கிறேன் என்று. 2025-இல் அறிவிக்கப்பட்ட தரவுப் பாதுகாப்பு விதிகளும் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றியும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவாகவும் தெரிவிக்கச் சொல்கின்றன.

என் கோப்பை நான் பார்க்கலாமா? எப்போது அழிப்பீர்கள்?

பார்க்கலாம். மூன்று நாள் முன்பு சொல்லுங்கள். உடன் உட்கார்ந்து படிப்போம். தவறு இருந்தால் நீங்கள் சொல்லும் திருத்தத்தை உங்கள் கையெழுத்தோடு சேர்ப்பேன். கடைசிச் சந்திப்பிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்கிறேன். மருத்துவர்களுக்கு 2002-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்று வகுத்திருக்கின்றன; அந்த மூன்று ஆண்டுகளையே கடைசிச் சந்திப்பிலிருந்து எண்ணி எனக்கும் எடுத்துக்கொண்டேன். வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை வைத்திருப்பேன். காலம் முடிந்த கோப்புகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுவதில்லை. வடை பொட்டலமாகத் திரும்பி வந்த தேர்வுத் தாள்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். தை மாதத்தில் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, நானே இயந்திரத்தில் துண்டு துண்டாக வெட்டி, ஊறவைத்துக் கூழாக்கிவிடுகிறேன்.

உங்களுக்கே ஏதாவது நேர்ந்துவிட்டால்?

என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெட்டியின் சாவி கிடைக்காது. வேறு ஊரில் உள்ள ஓர் ஆலோசகர் பொறுப்பேற்க எழுத்தில் சம்மதித்திருக்கிறார். அவர் வந்து பட்டியலைத் திறந்து, நீங்கள் முதல் நாள் சொன்ன நேரத்தில், சொன்ன எண்ணில், சொன்ன முறையில் மட்டும் உங்களை அழைத்துத் தெரிவிப்பார். அவர் பெயர் உங்கள் ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.